இடக்கையில் மூன்று விரல் உள்ளவருக்கு ஐந்து தந்தி பாஞ்சோ: தண்டியை எந்தக் கைக்கு வெட்டுவது?

பரந்தன் தச்சன்:

வணக்கம். கேள்வி ஒரு வரிதான், ஆனால் கதையைச் சொல்லாமல் கேட்டால் பதில் சரியாக வராது, பொறுமையாக வாசியுங்கள்.

நான் கதவு, யன்னல், கட்டில் செய்து பிழைக்கிறவன். பாஞ்சோ மூன்று வருடமாகப் பிடித்த பைத்தியம். முதலாவதை வேப்பம் பலகையில் செய்தேன். மரம் காயவில்லை என்று கை சொன்னது, மனம் கேட்கவில்லை. ஐப்பசி மழைக்குள் ஒட்டிய குடம் பங்குனி வெயிலில் முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. இப்போது அதற்குள் வைக்கோல் போட்டு அடைக்கோழி ஒன்று படுத்திருக்கிறது. இரண்டாவது, மன்னார்ப் பக்கம் பைலா வாசிக்கிற தம்பி ஒருவருக்கு நாலு தந்தியில். அது பரவாயில்லை, இன்னும் சத்தம் போடுகிறது.

மூன்றாவதுதான் பிரச்சினை. புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு அண்ணை, ஒரு காலத்தில் இசைக்குழுவில் மண்டலின் வாசித்தவர். 2009 இல் செல் பட்டு இடக்கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் போய்விட்டன. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் நன்றாக இருக்கின்றன, பிடியும் இருக்கிறது. அதற்குப் பிறகு மண்டலினைத் தொடவே இல்லையாம். போன மாதம் மகனுடைய கைபேசியில் ஐந்து தந்தி பாஞ்சோ வாசிக்கிறதைப் பார்த்துவிட்டு, யாரோ சொல்லி என்னிடம் வந்தார். வந்தவர் விலை கேட்கவில்லை, மரம் கேட்கவில்லை, கையை மேசையில் விரித்து வைத்து "இதுக்கு ஏத்த மாதிரிச் செய்ய ஏலுமோ?" என்று மட்டும் கேட்டார்.

ஏலும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசிக்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: ஐந்து தந்திப் பாஞ்சோவில் நாலு தந்தி தலையில் இருந்து வரும். ஐந்தாவது குட்டித் தந்தி தண்டியின் பக்கவாட்டில், ஐந்தாம் மெட்டுக்குக் கிட்ட ஒரு தனி முறுக்காணியில் இருந்து புறப்படும். (தண்டி, மெட்டு, குதிரை, குடம் எல்லாம் வீணைக்காரரின் சொற்கள், வசதிக்காக எடுத்துக்கொண்டேன்: தண்டி என்றால் நீண்ட கழுத்து, மெட்டு அதன் குறுக்கே உள்ள கட்டு, குதிரை குடத்தின் மேல் தந்தியைத் தாங்குகிற துண்டு, குடம் வட்டமான உடல். என் கைபேசி குதிரையைக் கதிரை என்று மாற்றினால் நீங்களே திருத்தி வாசியுங்கள்.) நாலு தந்தி வாத்தியம் என்றால் தந்திகளை மாற்றிப் போட்டு, நட்டையும் (தலைப்பக்கத்தில் தந்திகள் பதிகிற வெட்டுகள் உள்ள துண்டு) குதிரையையும் திருப்பினால் வலக்கைக்காரருடையதை ஓரளவுக்கு இடக்கைக்காரருடையதாக ஆக்கலாம். இதில் அந்தக் குட்டித் தந்தி எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான், தண்டியை வெட்டிய பிறகு மாற்ற வழியில்லை.

ஆக, வழமைபோல இடக்கையால் மெட்டுப் பிடிக்கிற மாதிரி வெட்டுவதா, இல்லை மறுபக்கமாக வெட்டி, முழுதாக உள்ள வலக்கையால் மெட்டுப் பிடித்து இடக்கையால் மீட்டச் சொல்வதா? மரம், தோல் பற்றியும் ஆலோசனை இருந்தால் சொல்லுங்கள். சமண்டலைப் பலகை கொஞ்சம் இருக்கிறது, இரண்டு வருடம் நிழலில் காய்ந்தது. முதிரையும் ஒரு துண்டு இருக்கிறது.


பனிக்காட்டான்:

தம்பி, ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். பாஞ்சோ பதினெட்டு வருடமாக வாசிக்கிறேன், செய்யத் தெரியாது, வாசிக்கிறவன் பக்கத்தில் நின்று சொல்கிறேன். யோசிக்கவே தேவையில்லை, மறுபக்கமாக வெட்டுங்கள்.

காரணம் இதுதான். பாஞ்சோவில் மீட்டுகிற கைக்கு ஐந்து விரல் வேண்டியதே இல்லை. ஏர்ல் ஸ்க்ரக்ஸ் 1940களில் பிரபலமாக்கிய மூன்று விரல் பாணியில் வேலை செய்கிற விரல்கள் எவை? பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல். மோதிர விரலையும் சுண்டுவிரலையும் தோலில் ஊன்றி வைப்பார்கள், அவ்வளவுதான், மீட்டுவதற்கு அவை இல்லை. உங்கள் அண்ணையிடம் மிஞ்சியிருப்பது சரியாக அந்த மூன்றும்! அதற்கும் முந்திய பழைய பாணியில் இன்னும் குறைவு, ஒரு நகத்தால் தந்தியைக் கீழ்நோக்கி அடிப்பது, பெருவிரலால் குட்டித் தந்தியைத் தட்டுவது, இரண்டு விரலில் முழுக் கச்சேரி. ஜெரி கார்சியா என்று ஒரு கிற்றார்க்காரர், சின்ன வயதிலேயே வலக்கை நடுவிரலின் பெரும்பகுதியை இழந்தவர், அவரும் ஐந்து தந்திப் பாஞ்சோ வாசித்தார்.

மெட்டுப் பிடிக்கிற கைதான் நீட்ட வேண்டும், வளைக்க வேண்டும், நாலு விரலும் கேட்கும். வலக்கையில் நாலும் இருக்கின்றன. இருக்கிற கைகளை இடம் மாற்றிப் போட்டால் குறை என்ற ஒன்றே இல்லாமல் போகும். இதைவிடப் பொருத்தமான வாத்தியம் அவருக்குக் கிடையாது, அந்த வீடியோவை அவருக்குக் காட்டிய மகனுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுங்கள்.

அளவு: தந்தி நீளம் 26.25 அங்குலம், குடம் 11 அங்குலம், நட்டின் அகலம் 1.25 அங்குலம். கடையில் வாங்குகிற பெரும்பாலானவை இதை ஒட்டித்தான் இருக்கும். முதிரையை விடுங்கள், தண்டிக்கு அது பாரம், குடம் மேலே எழும்பித் தலை நிலத்தைப் பார்க்கும், வாசிக்கிற கை தண்டியைத் தாங்கியே களைத்துப்போகும்.


வவுனிக்குளம் 82:

பாஞ்சோ என்றால் தட்டச்சு மெசின் மாதிரி கட்டைகள் இருக்கிறதுதானே? எங்கள் பெரியப்பா வீட்டில் ஒன்று இருந்தது. அதற்கு இடது வலது என்ன பிரச்சினை, இடக்கையால் கட்டையை அமத்தினால் சரி. இரண்டு விரல் தாராளமாகப் போதும்.


பரந்தன் தச்சன்:

அது புல்புல் தரங் அண்ணை. 1912 இல் யப்பானில் தைஷோகோதோ என்ற பெயரில் வந்த வாத்தியம், எங்கள் பக்கம் வரும்போது பாஞ்சோ என்ற பெயரையும் போட்டுக்கொண்டது. நான் கேட்பது தோல் போர்த்த வட்டக் குடம் உள்ளது. ஆனால் அவர் தேடுவது மெட்டும் மீட்டலும்தான் என்று எனக்குத் தெரியும், இல்லாவிட்டால் நீங்கள் சொன்னது நல்ல யோசனை.


முல்லை மத்தளம்:

கைப் பிரச்சினையை நீங்கள் பேசித் தீருங்கள், நான் தோலைப் பற்றிச் சொல்கிறேன், அது என் தொழில். மத்தளம், உடுக்கு, பறை மூன்றுக்கும் தோல் கட்டுகிற வீடு எங்களுடையது. கூத்துக் காலத்தில் நித்திரையே இல்லை.

ஆட்டுத்தோல் போடலாம், மெல்லிசாக, ஒரே சீராக இருக்க வேண்டும். முதுகுக் கோட்டில் தடிப்பு, வயிற்றுப் பக்கம் மெல்லிசு, அதைக் கையால் தடவிப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப் போட்டு, மயிரை வழித்து, இறைச்சிப் பக்கத்தைச் சுரண்டி, ஈரமாக இருக்கும்போதே வளையத்தில் இழுத்துக் கட்டிவிட்டு நிழலில் விடுங்கள். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் நள்ளிரவில் துவக்கு வெடிச்ச மாதிரி ஒரு சத்தம் கேட்கும், விடியப் பார்த்தால் தோல் இரண்டு துண்டு. நான் சின்ன வயதில் அப்படி இரண்டு தோலைக் கெடுத்து அப்புவிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

ஆனால் உண்மையைச் சொன்னால் இந்த வாத்தியத்துக்கு நான் தோலைச் சிபாரிசு செய்ய மாட்டேன். வாடைக்காற்று தொடங்கினால் தோல் ஈரத்தை இழுத்துத் தளர்ந்துபோகும். பறை என்றால் நெருப்பில் காட்டுவோம், கணீரென்று வந்துவிடும். பாஞ்சோவில் தோலுக்கு மேலே குதிரை நிற்கிறது, குதிரைக்கு மேலே தந்தி போகிறது. தோல் தளர்ந்தால் குதிரை தாழும், குதிரை தாழ்ந்தால் தந்தி மெட்டில் உரசி இரையும். சோளகக் காற்று அடிக்கிற காய்ந்த நேரம் மறுவளமாக, தோல் விறைத்துக் குதிரை உயரும், தந்தி எட்டத்துக்குப் போகும், அமத்த இரட்டிப்புப் பலம் வேண்டும். இரண்டு விரல் உள்ள மனிசனுக்கு அது தண்டனை. மார்கழியில் ஒரு வாத்தியம், ஆடியில் இன்னொரு வாத்தியம் என்று வைத்திருக்க ஏலுமோ?

பிளாஸ்ரிக் தோல் போடுங்கள், மனம் நோகத்தான் சொல்கிறேன். 1950களின் கடைசியில் இருந்து வெள்ளைக்காரரே அதற்கு மாறிவிட்டார்கள். 11 அங்குலப் பாஞ்சோத் தோலைத் தேடி அலையாதீர்கள், பாண்ட் ட்ரம்முக்கு வருகிற 12 அங்குலத் தோல் லேசில் அகப்படும். ஆனால் முதலில் தோலை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அதன் விளிம்புக்குத் தக்கதாகக் குடத்தைக் கடையுங்கள், குடத்தைக் கடைந்துவிட்டுத் தோலுக்கு அலையாதீர்கள்.

இன்னொன்று, கேட்டதற்கு வெளியேதான். இந்த வாத்தியத்தின் பூர்வீகம் மேற்கு ஆபிரிக்கா. அங்கே சுரைக்குடுக்கையில் ஆட்டுத்தோல் போர்த்து வாசிப்பார்கள், செனகல், காம்பியாப் பக்கம் அக்கொன்ரிங் என்று இப்போதும் ஒன்று இருக்கிறது. மூன்று தந்தி, அதில் ஒன்று பெருவிரலுக்கான குட்டை. அடிமைகளாகக் கொண்டு போகப்பட்ட சனம் கரீபியன் தீவுகளிலும் அமெரிக்காவிலும் அதை நினைவில் இருந்து திரும்பச் செய்தார்கள். எங்கள் வேலியில் சுரை காய்த்துக் கிடக்கிறது, ஒன்றை முற்ற விட்டிருக்கிறேன், வேண்டுமென்றால் வாருங்கள்.


ஒட்டுசுட்டான் ஓடாவி:

சமண்டலையையே எடு தம்பி. நேர்நரம்பு, வளைந்து கொடுக்கும், லேசில் முறியாது, முந்தி வண்டிலுக்கும் வள்ளத்துக்கும் அதைத்தான் தேடுவார்கள். முதிரை அழகு, ஆனால் கன அடிக்கு 60 இறாத்தல் வரும், அவர்கள் பாவிக்கிற மேப்பிள் 44 தான். மெட்டுப்பலகைக்கு மட்டும் முதிரையில் மெல்லிய சீவல் ஒட்டு, அது போதும். புதிதாக மரம் வாங்கப் போனால் அனுமதிப்பத்திரம் கையில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு, கருங்காலிப் பக்கம் தலை வைத்தும் படுக்காதே, வேண்டுமென்றால் பழைய அலுமாரிக் கால் ஏதாவது அகப்படுகிறதா என்று பார்.

வளைத்துக் குடம் செய்ய முயலாதே. துண்டு துண்டாக ஒட்டிச் செய். ஒரு வளையத்துக்கு 12 துண்டு, ஒவ்வொரு முனையும் 15 பாகை. 12 அங்குலக் குடம் என்றால் துண்டின் வெளிப்பக்கம் கணக்குப்படி 82 மில்லிமீற்றர், நீ 85 ஆக வெட்டு, கடைசலுக்குக் கொஞ்சம் வேண்டும். 22 மில்லிமீற்றர் தடிப்பில் மூன்று வளையம், செங்கல் அடுக்குகிற மாதிரி மூட்டுக்கு மேலே மூட்டு வராமல் அடுக்கி ஒட்டு. 36 துண்டு, 15 பாகையில் அரைப் பாகை பிழைத்தாலும் கடைசித் துண்டு போய்ச் சேராது, பிறகு வாளைத் திட்டிப் பயனில்லை.

வாள் என்றவுடன் ஞாபகம். அந்தப் பலகை எங்கே நின்ற மரம்? அறுக்க முதல் காந்தத்தைப் பிடித்துப் பார். போன வருடம் என்னிடம் வந்த பாலைக் கட்டையில் நல்ல வைரத்துக்குள் இரண்டு விரல் ஆழத்தில் துவக்குச் சன்னம் ஒன்று இருந்தது. வெளியே தழும்பே இல்லை, மரம் மூடி வளர்ந்துவிட்டது. வாள்பட்டி போய்விட்டது, கை தப்பியது. பித்தளை, செம்பு காந்தத்துக்கு அகப்படாது, அதனால் சீவிய பிறகு நிறம் மாறிய கறை ஏதாவது தெரிந்தால் அந்த இடத்தை உளியால் மெல்லக் கிண்டிப் பார்த்துவிட்டு வாளைக் கொடு.

தோலை இறுக்குகிற கொளுக்கிகளுக்குச் சைக்கிள் சில்லுக் கம்பி. தலை ஏற்கனவே வளைந்திருக்கிறது, மரை ஏற்கனவே வெட்டியிருக்கிறது, நிப்பிளும் கூடவே வருகிறது. 24 போதும். பழைய சைக்கிள் ஒன்றின் பின் சில்லில் 40 இருக்கும், துருப்பிடித்ததைக் கழித்தாலும் மிஞ்சும். போர்க்காலத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட சனம் நாங்கள், சில்லில் பாஞ்சோ செய்கிறது ஒரு பெரிய காரியமா.


வீணை ரீச்சர்:

வவுனியாவில் வீணை படிப்பிக்கிறேன், பாஞ்சோ பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கனடா அண்ணாவின் பதிலை இரண்டு தரம் வாசித்தேன், ஒரு இடத்தில் ஒத்துக்கொள்ள முடியவில்லை. "மெட்டுப் பிடிக்கிற கைக்கு நாலு விரலும் வேண்டும்" என்கிறாரே, அந்த இடம்.

வீணையில் 24 மெட்டு. வாசிப்பது இடக்கையில் எத்தனை விரலால்? சுட்டுவிரல், நடுவிரல், இரண்டால்தான்! தொடக்கப் பிள்ளைகளுக்கு நான் முதல் வகுப்பில் சொல்லிக் கொடுப்பதே அந்த இரண்டு விரலையும் சேர்த்து வைத்துத் தந்தியில் ஓடுவதைத்தான். கமகம், ஜாரு, தந்தியை இழுத்து இரண்டு மூன்று சுரம் எடுப்பது எல்லாம் அந்த இரண்டும் செய்கிற வேலை. மற்ற இரண்டு விரலும் பேசாமல் கூட வரும். ஒரு முழு வாத்திய மரபு உங்கள் அண்ணையிடம் இருக்கிற விரல்களாலேயே நடக்கிறது, அவருக்கு என்ன குறை என்கிறீர்கள்?

குட்டித் தந்தியும் எனக்குப் புதிதில்லை. வீணையில் பக்கத்தில் மூன்று தாளத் தந்தி இருக்கும், மெட்டே பிடிக்காமல் சுருதியாக ஒலிக்கும், பாஞ்சோவில் அது ஒன்று. ஐந்து தந்திப் பாஞ்சோவின் வழமையான சுருதியைத் தேடிப் பார்த்தேன், ஜி என்று இருக்கிறது, எங்களுக்கு அது ஐந்து கட்டை. திறந்த தந்திகளே இசைந்து நிற்கிற மாதிரிச் சுருதி சேர்ப்பதால், ஒரு விரலைக் குறுக்கே கிடத்தி ஐந்தாம் மெட்டில் அமத்தினால் ஒரு கோர்ட் (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு), ஏழாம் மெட்டில் இன்னொன்று. பாதிப் பாட்டு அதிலேயே போய்விடும். மண்டலினில் அப்படி இல்லை, அது பஞ்சம இடைவெளியில் சுருதி சேர்த்த வாத்தியம், அங்கேதான் விரலை நீட்ட வேண்டி வரும். அவர் மண்டலினை விட்டதற்கு அதுவும் ஒரு காரணமோ தெரியாது.

இசை படித்தவருக்குச் சுரம் இருக்கிற இடம் மெட்டுப் பிடிக்கிற கையில். என் மாணவி ஒருத்தி கை முறிந்து ஆறு கிழமை கட்டுப் போட்டிருந்தாள், அந்த நேரம் கதிரைக் கையில் இடக்கை விரல்களை ஓட விட்டுத்தான் கீர்த்தனை பாடமாக்கினாள். மீட்டுகிற கையை அவள் அசைக்கவே இல்லை. பழகின கையை மாற்றச் சொல்வதென்றால் அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மெட்டே இல்லாத பாஞ்சோவும் முந்தி இருந்ததாம், கமகத்துக்கு நல்லது என்று ஆசைப்பட்டு அதைச் செய்துவிடாதீர்கள். இரண்டு விரல்காரருக்கு மெட்டு ஒரு கைத்தடி.


பனிக்காட்டான்:

ரீச்சர், அடி வாங்கிக்கொண்டேன். இன்னொரு விஷயத்தையும் நானே மறந்துவிட்டேன், வெட்கமாக இருக்கிறது. ஜாங்கோ ரைன்ஹார்ட், 1928 இல் அவருடைய வண்டிவீடு தீப்பிடித்து இடக்கையில் இதே இரண்டு விரலும் வேலை செய்யாமல் போனது. அப்போது அவருக்கு 18 வயது, அதுவரை வாசித்தது பாஞ்சோ! கிற்றாருக்கு மாறினார், கையை மாற்றவில்லை. இரண்டு விரலால் ஓடிய அந்த ஓட்டத்தை இன்றைக்கும் நாலு விரல்காரர் துரத்திக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனாலும் என் கணக்குப் பிழை இல்லை, மறுபக்கமாக வெட்டினால் அவருக்கு எல்லாம் எட்டும். வழமைப் பக்கம் என்றால் 26.25 அங்குலம் கூடாது, குறுக்குங்கள். இரண்டாம் மெட்டில் நட்டை வைத்த மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், 23.4 அங்குலம் வரும். சும்மா விட்டால் அது ஆறு கட்டைக்கான நீளம், ஐந்து கட்டையிலேயே வைத்திருக்க வேண்டுமென்றால் கம்பியை ஒரு அளவு தடிப்பாகப் போடுங்கள். மெட்டுக் கணக்கு தெரியும்தானே, மிச்ச நீளத்தை 17.817 ஆல் பிரித்துப் பிரித்துப் போவது. 12 ஆம் மெட்டு சரி பாதியில் விழுந்தால் கணக்குச் சரி.


பரந்தன் தச்சன்:

எல்லாருக்கும் நன்றி. ஒரு கிழமை பதில் போடாததற்கு மன்னிக்கவும், புதுக்குடியிருப்புக்குப் போய் வந்தேன்.

நீங்கள் அடிபட்டதை எல்லாம் வாசித்துவிட்டு ஒரு வேலை செய்தேன். வேலைத்தலத்தில் கிடந்த தேக்குத் துண்டு ஒன்றைத் தண்டி வடிவத்துக்குச் சீவி, ஒரு பக்கம் 26.25 அங்குலக் கணக்கில் மெட்டுக்கோடு, மறுபக்கம் 23.4 கணக்கில். தந்தி இல்லை, குடம் இல்லை, வெறும் தடி. அடியில் என்னுடைய பழைய முட்டைக் குடத்தைக் கட்டினேன் (கோழியை எழுப்பிவிட்டுத்தான் எடுத்தேன், இன்னும் என்னைப் பார்த்தால் கொத்த வருகிறது). அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனால் பக்கத்தில் இருந்தவர் கிரிக்கெட் மட்டையா என்று கேட்கிறார்.

அண்ணை வீட்டு மாமரத்துக்குக் கீழே கதிரை போட்டு இருந்தோம். முதலில் கனடா அண்ணை சொன்னபடி மறுபக்கமாகக் கொடுத்தேன், காரணத்தையும் சொன்னேன், அவர் கவனமாகக் கேட்டார், இடக்கை மூன்று விரலாலும் இல்லாத தந்திகளை மீட்டிப் பார்த்தார், அழகாகத்தான் வந்தது. வலக்கை விரல் நாலும் தடியில் போய் இருந்தன. இருந்தன, அவ்வளவுதான். ஒரு பாட்டை வாய்க்குள் முணுமுணுத்தார், கை அசையவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தடியைத் திருப்பி இடக்கையில் எடுத்தார். எடுத்தவுடன் சுட்டுவிரலும் நடுவிரலும் ஓடத் தொடங்கிவிட்டன, பதினைந்து வருடத்துக்கு மேலாகத் தொடாத கை. மண்டலின் இடைவெளிக்குப் பழகின விரல், கோட்டுக்கு முன்னே முன்னே விழுந்தது, அது வேறு கதை.

பிறகு அளந்தேன். சுட்டுவிரல் நுனியிலும் நடுவிரல் நுனியிலும் சோக்கைத் தடவி, சுட்டுவிரலை முதலாம் மெட்டில் வைத்து நடுவிரலை மூன்றாம் மெட்டுக்கு நீட்டச் சொன்னேன். 26.25 கணக்கில் அந்த இரண்டு கோட்டுக்கும் இடையில் 68.7 மில்லிமீற்றர். வெள்ளைப் பொட்டு கோட்டுக்கு நெல்மணி அளவு பிந்தி விழுந்தது, மூன்று தரமும் அதே இடத்தில், மூன்றாம் தரம் மணிக்கட்டை முறுக்கினார், முகம் சுருங்கியது. 23.4 பக்கம் 61 மில்லிமீற்றர். பொட்டு கோட்டுக்கு மேலேயே விழுந்தது, மணிக்கட்டு நேராக இருந்தது. அந்தத் தடியைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன், சோக்கைத் துடைக்கவில்லை.

கனடா அண்ணையின் கணக்கை அவரிடம் இன்னொரு தரம் சொன்னேன், மறைக்கவில்லை. "அவர் சொல்லுறது சரிதான் தம்பி. ஆனா இந்தக் கைக்குத்தான் பாட்டுத் தெரியும்" என்றார்.

அதனால் வழமைப் பக்கம், 23.4 அங்குலம், 12 அங்குலக் குடம், பிளாஸ்ரிக் தோல், தண்டியும் குடமும் சமண்டலை, மெட்டுப்பலகை முதிரை. நட்டை ஒரு நூல் ஒடுக்கமாக வைக்கிறேன், குறுக்கே கிடத்துகிற விரலுக்கு லேசாக இருக்கும். தண்டியின் பின்பக்கத்தைப் பெருவிரல் பக்கம் கொஞ்சம் தடிப்பாக, மறுபக்கம் மெல்லிசாகச் சீவப் போகிறேன், கீழே இருந்து தாங்க இரண்டு விரல் இல்லை, பெருவிரல்தான் எல்லாப் பாரத்தையும் எடுக்கிறது, தேக்குத் தடியில் அந்த இடம் வேர்வையில் கறுத்திருந்ததைப் பார்த்துத்தான் அது விளங்கியது. தோளில் போடுகிற வாரும் கட்டாயம் வைக்கிறேன். தந்தியைப் பற்றி இன்னும் முடிவில்லை, முதல் மாதத்துக்கு முல்லைத்தீவில் தங்கூசி (மீன்பிடி நைலோன் நூல்) வாங்கிப் போட்டுப் பார்க்கலாமா என்று ஒரு யோசனை, கம்பியைவிட விரலுக்கு மெது.

பலகைக்குக் காந்தம் பிடித்தேன் ஓடாவி அண்ணை. ஒன்றும் இல்லை. இருந்தாலும் மெதுவாகத்தான் அறுத்தேன்.

இனி ஒன்றுதான் குறை. குட்டித் தந்திக்கான முறுக்காணி. கிற்றார் முறுக்காணியைப் பக்கவாட்டில் வைக்க முடியாது, கொழும்பில் விசாரித்த இரண்டு இடத்திலும் நான் எதைக் கேட்கிறேன் என்றே விளங்கவில்லை.


முல்லை மத்தளம்:

மரத்தில் கடைந்து போடு. வீணைப் பிருடை மாதிரி கூராகக் கடைந்து, துளையையும் அதே கூரில் அரம் போட்டு, சோக்குத் தூள் தடவிச் செருகு. வழுக்காது. சுரைக்காய் முற்றிவிட்டது, எப்போ வருகிறாய்?


பனிக்காட்டான்:

கடைய வேண்டாம். என்னிடம் பழையது ஒன்று மேசை லாச்சிக்குள் பத்து வருடமாகக் கிடக்கிறது, பல்லுச் சில்லு வைத்தது, பித்தளை கொஞ்சம் கறுத்திருக்கிறது, சுற்றும். ஆவணியில் மச்சான் கிளிநொச்சிக்கு வருகிறான், கொடுத்து விடுகிறேன். துளை 3/8 அங்குலத்துக்குச் சற்று ஒடுக்கமாகப் போட்டு வையுங்கள், ஆணி கைக்கு வந்த பிறகு அளந்து பெருப்பிக்கலாம்.